முப்பத்தாறு வயதில் காய்கறி பழக முடியுமா?

தென் மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை எழுதியிருக்கிறார். வயது 36. அடையாளம் தெரிய வேண்டாம் என்று கேட்டிருப்பதால் சில விவரங்களை மாற்றி, கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

சின்ன வயதில் அவர் வீட்டில் வாரம் ஒரு நாள் பாகற்காய். தட்டில் வைத்ததை மிச்சம் வைக்கக் கூடாது என்பது அப்பாவின் சட்டம். எட்டு வயதில் ஒரு நாள் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வாயில் திணிக்க, தட்டிலேயே வாந்தி எடுத்துவிட்டார். தட்டைக் கழுவி மறுபடி சோறும் பாகற்காயும் வைத்து, முடிக்கும் வரை எழுந்திருக்க விடவில்லையாம். அதன் பிறகு பாகற்காய் என்றில்லை, வெண்டைக்காய், கீரை, புடலங்காய், அவரைக்காய் எதுவுமே தொண்டையில் இறங்குவதில்லை. உருளைக்கிழங்கு, கேரட், சாம்பாரில் போட்ட முருங்கைக்காய், அவ்வளவுதான். கத்திரிக்காய் தின்றால் நாக்கும் தொண்டையும் அரிக்கிறது. தினமும் மூன்று ஃபில்டர் காபி, அதில் ஒன்று காலை டிபனோடு. கல்யாணப் பந்தியில் இலையில் காய் அப்படியே கிடப்பதைப் பார்த்து சொந்தக்காரர்கள் கேலி செய்கிறார்கள்.

போன மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் எச்பிஏ1சி என்கிற மூன்று மாதச் சர்க்கரை அளவு 6.0, ஹீமோகுளோபின் 10.2. சோற்றைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டச் சொல்லியிருக்கிறார் டாக்டர். சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கும் மாமியார், காலையில் வெறும் வயிற்றில் பாகற்காய்ச் சாறு குடிப்பவர். “மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஒரு டம்ளர் குடி, சர்க்கரை ஓடிப்போயிடும். ரத்தத்துக்கு முருங்கைக்கீரை போதும்” என்கிறார். ஆறு வயது மகளும் தட்டில் காயை ஒதுக்குகிறாள். கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் இப்படி ஒரு வரி: “போன வாரம் அவள் வாயில் அவரைக்காயைத் திணித்துவிட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வை, அன்றைக்கு நான் அப்பாவைப் பார்த்த அதே பார்வை.”

அவர் கேட்பது மூன்று. இந்த வயதில் நாக்கு மாறுமா? பாகற்காய்ச் சாறு குடித்தே தீர வேண்டுமா? மகளை எப்படிச் சாப்பிட வைப்பது?

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கடிதத்தை மூடி வைத்திருந்தேன். திணித்த கையை அந்த நிமிடமே அடையாளம் கண்டுகொண்டீர்களே, உங்கள் மகளுக்கு அது பெரிய விஷயம். இன்னும் சொல்லவில்லை என்றால் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்: “அன்னைக்கு அம்மா அப்படிப் பண்ணது தப்பு. இனிமே பண்ண மாட்டேன்.” விளக்கம் எதுவும் வேண்டாம். ஆறு வயதுக்கு இது நன்றாகவே புரியும்.

உணவியல் ஆலோசகராக நான் பார்க்கும் பெரியவர்களில் பலருக்கு உங்களுடையதைப் போல ஒரு தட்டு ஞாபகத்தில் இருக்கிறது. அந்த நாளின் சாப்பாடு, உட்கார்ந்திருந்த பாய், வெளியே கேட்ட சத்தம் வரை சொல்வார்கள். இது உங்கள் பிடிவாதமோ நடிப்போ கிடையாது. 1955-இல் அமெரிக்க உளவியலாளர் ஜான் கார்சியா, எலிகளுக்கு இனிப்புத் தண்ணீர் கொடுக்கும்போதே கதிர்வீச்சால் உடம்புக்கு முடியாமல் போகச் செய்து பார்த்தார். அதன் பிறகு அவை அந்த இனிப்பை ஒதுக்கின. குமட்டலோடு ஒரு ருசி ஒட்டிக்கொள்ள ஒரே ஒரு தடவை போதும். மனிதர்களுக்கும் அப்படித்தான். உங்களுக்கு வாந்தியோடு பயமும் அவமானமும் சேர்ந்துகொண்டன. ஒரு காயில் தொடங்கியது மற்றக் காய்களுக்கும் பரவியதில் ஆச்சரியம் இல்லை.

முதலில் ரத்தப் பரிசோதனை

நாக்கைப் பற்றிப் பேசுவதற்கு முன் இதை முடித்துவிடலாம், ஏனென்றால் இதில் தாமதம் கூடாது. 5.7 முதல் 6.4 வரை உள்ள எச்பிஏ1சி, சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. ஆனால் இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகை இருந்தால் இந்த எண் உள்ளதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டலாம். கர்ப்பமில்லாத பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை, 10.2 என்பது நடுத்தர நிலை. அதனால் வெறும் வயிற்றுச் சர்க்கரை, 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் பரிசோதனை, இந்த இரண்டையும் எடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். உங்கள் எண்ணைச் சரியாகப் புரிந்துகொள்ள அது உதவும்.

முருங்கைக்கீரை நல்ல கீரைதான். ஆனால் 10.2-ஐ அது மட்டும் தூக்கிவிடாது. கீரையில் இருக்கும் இரும்பில் கொஞ்சம்தான் நம் உடம்பு எடுத்துக்கொள்ளும். மாதவிடாயில் அதிக ரத்தம் போகிறதா, வயிற்றில் புழு இருக்கிறதா என்று காரணத்தைப் பார்த்து, டாக்டர் கொடுக்கும் இரும்பு மாத்திரையை அவர் சொல்லும் காலம் வரை விடாமல் போடுங்கள். டிபனோடு குடிக்கும் அந்தக் காபியை ஒரு மணி நேரமாவது தள்ளி வையுங்கள். காபியும் டீயும் இரும்பு உடம்பில் சேர்வதைத் தடுக்கும். எலுமிச்சையும் நெல்லிக்காயும் அதற்கு உதவும்.

பாகற்காய்ச் சாறு வேண்டாம்

பாகற்காய் சர்க்கரையைக் குணமாக்கும் என்று நம் ஊரில் எல்லோரும் நம்புகிறார்கள். காக்ரேன் என்ற சர்வதேச ஆய்வு அமைப்பு 2012-இல் இதைப் பற்றி நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, அப்படிச் சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை என்று முடிவு சொன்னது. நார்ச்சத்துள்ள நல்ல காய், குழம்பிலோ பொரியலிலோ தாராளமாகச் சாப்பிடலாம். மருந்து என்று நம்பிக் குடிக்கும் அளவுக்கு அதற்கு ஆதாரம் இல்லை.

உங்கள் மாமியாரைப் பற்றித்தான் எனக்குக் கவலை. சர்க்கரை மாத்திரை போடுகிறவர் வெறும் வயிற்றில் அந்தச் சாற்றைக் குடித்துவிட்டு, டிபனையும் தள்ளிப் போட்டால் சர்க்கரை திடீரென்று கீழே இறங்கிவிடலாம். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு எப்போதாவது வந்திருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். சாறு குடிப்பதை அவருடைய டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். கசப்பைப் பழகுகிறேன் என்று எல்லாக் கசப்பையும் பழகக் கூடாது. சுரைக்காய், பீர்க்கங்காய், வெள்ளரிக்காய் கசந்தால் துப்பிவிட்டுத் தூக்கி எறியுங்கள். குக்கர்பிட்டாசின் என்ற நச்சு அவற்றில் கூடியிருக்கிறது என்று அர்த்தம். 2010-இல் டெல்லியில் கசந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடித்து ஒருவர் இறந்தார். அதற்குப் பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நிபுணர் குழு ஒன்றை அமைத்தது. கசக்கும் சுரைக்காய்ச் சாற்றைக் குடிக்கக் கூடாது என்று அந்தக் குழு எச்சரித்தது. கொஞ்சமாவது கசந்தால் சமைத்தும் சாப்பிட வேண்டாம்.

கத்திரிக்காயும் அப்படித்தான், அது உங்கள் பழகும் பட்டியலில் வரக் கூடாது. நாக்கும் தொண்டையும் அரிப்பது ஒவ்வாமையாக இருக்கலாம். கத்திரிக்காய் ஒவ்வாமை நம் நாட்டில் உள்ளதுதான். ‘எனக்குப் பிடிக்காது’ என்று இத்தனை வருடம் சொல்லிக்கொண்டிருந்தீர்கள், உங்கள் உடம்பு வேறு எதையோ சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. ஒவ்வாமை மருத்துவரிடம் ஒரு முறை காட்டுங்கள். எப்போதாவது உதடு வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நாக்கு மாறுமா?

மாறும். “எங்க குடும்ப நாக்கே அப்படி” என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. 1931-இல் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளரின் ஆய்வகத்தில் ஒரு தூள் காற்றில் பறந்தது. கூட இருந்தவர் ஐயோ கசக்கிறதே என்றார், ஃபாக்ஸுக்கோ ஒன்றுமே தெரியவில்லை. கசப்பை எவ்வளவு உணர்கிறோம் என்பதில் மரபணுவுக்குப் பங்கு உண்டு என்று பிறகு தெரிந்தது. மனிதர்களுக்குக் கசப்பை உணரும் ஏற்பிகள் சுமார் 25 வகை. அதனால் நீங்களும் உங்கள் மாமியாரும் ஒரே பாகற்காயைத் தின்றாலும் ஒரே அளவு கசப்பு தெரியாமல் போகலாம். அவர் சுலபமாகக் குடிப்பதால் உங்களுக்கும் அது சுலபம் என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் எவ்வளவு கசக்கிறது என்பது ஒன்று, பிடிக்கிறதா என்பது வேறு. நீங்கள் தினமும் மூன்று காபி குடிக்கிறீர்கள். டிகாக்ஷன் கசப்பு இல்லையா? முதல் தடவை யார் கொடுத்தார்கள், எவ்வளவு பாலும் சர்க்கரையும் இருந்தது, யாரோடு உட்கார்ந்து குடித்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். யாரும் உங்கள் வாயில் ஊற்றியிருக்க மாட்டார்கள். பெரியவர்களின் டம்ளரிலிருந்து ஒரு வாய் கெஞ்சி வாங்கியிருப்பீர்கள். ஒரு கசப்பை ஏற்கெனவே பழகி, அது இல்லாமல் இருக்க முடியாத அளவுக்கு வந்தும்விட்டீர்கள்.

எனக்குச் சுண்டைக்காய் வத்தல் அப்படி. சின்ன வயதில் குழம்பிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வைப்பேன். மகன் பிறந்த பிறகு அம்மா பத்தியச் சாப்பாட்டில் சுடுசோற்றைக் குழைத்து, நெய் விட்டு, வறுத்த சுண்டை வத்தல் பொடியை ஒரு சிட்டிகை தூவித் தந்தார். இரண்டாவது வாரம் நானே பொடி டப்பாவைக் கேட்டு வாங்கினேன். காய் அதேதான். நெய்யும் சூடும் பசியும் அம்மாவின் கையும் கூடச் சேர்ந்திருந்தன.

இதை ஆய்வாகச் செய்து பார்த்தவர் லீஆன் பர்ச் என்ற அமெரிக்க உளவியலாளர். 1982-இல் இரண்டு வயதுக் குழந்தைகளுக்குத் தெரியாத பழங்களையும் பாலாடைக்கட்டி வகைகளையும் கொடுத்தார். ஒன்றை 2 தடவை, ஒன்றை 5 தடவை, மற்றவற்றை 10, 15, 20 தடவை. அதிகத் தடவை ருசித்தது எதுவோ அதையே குழந்தைகள் அதிகம் விரும்பின. வெறுமனே பார்ப்பது போதாது, நாக்கில் பட வேண்டும் என்பது அவருடைய இன்னொரு ஆய்வில் தெரிந்தது. நம் வீடுகளில் இரண்டு மூன்று தடவை பார்த்துவிட்டு ‘இவளுக்குப் பிடிக்காது’ என்று முத்திரை குத்திவிடுகிறோம். பழகுகிற நேரத்துக்குள்தான் அந்தக் காய் சமையலறையை விட்டே போய்விடுகிறது.

வெண்டைக்காயில் தொடங்குங்கள்

பாகற்காயை ஜெயித்தால்தான் சரியாவேன் என்ற நினைப்பு உங்கள் கடிதம் முழுக்க இருக்கிறது. அதை விடுங்கள். வாழ்நாள் முழுக்கப் பாகற்காய் தொடாமலே நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கலாம். பழமும் காயும் சேர்த்து நாளுக்கு 400 கிராமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தக் காய்தான் என்று அது சொல்லவில்லை. காயம் பட்ட இடத்தைக் கடைசியாகத் தொடுவோம், தொடாமலே விட்டாலும் பரவாயில்லை.

உருளைக்கிழங்கு வறுவலை மொறுமொறுவென்று பிடிக்கும் என்றீர்கள். வழவழப்புதான் ஆகாது. அதனால் வெண்டைக்காயை மொறுமொறுப்பாக்கித் தொடங்குவோம். பிஞ்சாகக் கால் கிலோ வாங்கி முழுசாகக் கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்து, அரை மணி நேரம் ஆற விடுங்கள். ஈரத்தோடு நறுக்கினால் கத்தியிலேயே கொழகொழப்பு நூல் நூலாக வரும். மெல்லிசாக நறுக்கி, அகலமான இரும்புச் சட்டியில் நல்லெண்ணெய் காய்ந்ததும் போட்டு, மூடாமல் வதக்குங்கள். அடிக்கடி கிளற வேண்டாம். இரண்டு ஸ்பூன் புளித்தண்ணீர் தெளித்தால் வழவழப்பு அடங்கும். ஓரம் பழுப்பாகிச் சுருண்ட பிறகு, கடைசியில் உப்பும் மிளகாய்த்தூளும். இதை நீங்களே செய்ய வேண்டும். உங்கள் கையால் செய்யும்போது எப்போது நிறுத்துவது என்பது உங்கள் விருப்பத்தில் இருக்கும். எட்டு வயதில் உங்களுக்குக் கிடைக்காதது அதுதான்.

முதல் நாள் ஒரே ஒரு வில்லை. ரசம் சோற்றோடோ தயிர்ச் சோற்றோடோ, பிடித்த சாப்பாட்டுக்கு நடுவில். பிடிக்கவில்லை என்றால் துப்பிவிடலாம், அது தோல்வி ஆகாது. நல்ல பசி இருக்கும் மதிய நேரம் பாருங்கள். பள்ளியிலிருந்து அலுத்து வந்த ராத்திரி வேண்டாம். வாரம் மூன்று நாள், அதே வெண்டைக்காய், பத்துப் பதினைந்து தடவை. காலண்டரில் ஒவ்வொரு தடவையும் பத்துக்கு எத்தனை என்று மார்க் போடுங்கள். ஆசிரியை, உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டிலிருந்து நான்குக்கு வந்தாலே போதும், ‘பரவாயில்லை’ என்று சொல்லிச் சாப்பிட முடிகிற காயும் உடம்புக்கு அதே நன்மையைத்தான் செய்கிறது.

அப்புறம் கீரை. சாம்பார் பிடிக்கும், பருப்பு பிடிக்கும் என்பதால் பாசிப்பருப்புக் கூட்டில் ஒரு பிடி அரைக்கீரையைப் பொடியாக நறுக்கிப் போட்டுத் தொடங்குங்கள். பருப்பு முக்கால், கீரை கால். வாரம் போகப் போக அளவை மாற்றலாம். அவரைக்காயைத் தேங்காய்த் துருவலோடும், புடலங்காயைக் கடலைப்பருப்போடும் பிறகு பார்ப்போம்.

என்றைக்காவது உங்களுக்காகவே பாகற்காய் மேல் ஆசை வந்தால், நம் சமையலில் அதற்கு வழி இருக்கிறது. உப்பு கசப்பை அமுக்கும் என்று 1997-இல் விஞ்ஞானிகள் எழுதினார்கள். பாகற்காயை உப்பில் பிசறி வைத்துப் பிழியும் நம் பாட்டிகளுக்கு அது கைவந்த வேலை. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிட்லையில் புளி, துவரம்பருப்பு, வறுத்து அரைத்த தனியாவும் தேங்காயும், துளி வெல்லம் எல்லாம் சேர்ந்து அந்தக் கசப்பைச் சுற்றி உட்கார்ந்துகொள்ளும். சித்திரை முதல் நாள் மாங்காய்ப் பச்சடியில் நாலு வேப்பம்பூ போடுகிறோமே, அந்த அளவு கசப்பு ஒரு வருடத்துக்குப் போதும் என்று நீங்கள் நினைத்தாலும் எனக்குச் சம்மதம்.

பந்தியில் கேலி செய்கிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. பரிமாறுகிறவர் வரும்போதே இலைக்கு மேல் கையைக் காட்டி “வேண்டாங்க” என்று சொல்லலாம். இலையில் விழுந்து வீணாவதைவிட அது மரியாதை. உங்கள் வாய்க்குள் எது போகலாம் என்று முடிவு செய்யும் உரிமை உங்களுடையது.

மகள் விஷயம்

இரண்டு வயதிலிருந்து ஆறு வயது வரை புது உணவைக் கண்டால் ஒதுங்குவது குழந்தைகளின் இயல்பு. பெரியவர்களைவிடக் கசப்பும் அவர்களுக்கு அதிகம் உறைக்கும். உங்களிடமிருந்து ஒட்டிக்கொண்டது என்று குற்ற உணர்ச்சி வேண்டாம்.

எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியலாளர் வகுத்த ஒரு பிரிவினையை நான் எல்லாத் தாய்மார்களுக்கும் சொல்வேன். என்ன சமைப்பது, எப்போது, எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்பது பெரியவர்கள் பொறுப்பு. அதில் சாப்பிடுவதா, எவ்வளவு சாப்பிடுவது என்பது குழந்தை பொறுப்பு. அவள் தட்டில் இரண்டு துண்டு அவரைக்காய் இருக்கட்டும், கூடவே அவள் கட்டாயம் சாப்பிடும் ஒன்றும் இருக்கட்டும். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதீர்கள். “இதைச் சாப்பிட்டா சாக்லேட்” என்ற பேரமும் வேண்டாம். சாக்லேட்டின் மதிப்புதான் ஏறும்.

தோசை மாவில் கீரையை அரைத்து மறைப்பது தப்பா என்று கேட்டிருந்தீர்கள். கீரை அரைத்துப் போடுவதில் தப்பில்லை, மறைக்காதீர்கள். “இன்னைக்குப் பச்சைத் தோசை, உள்ளே பாலக் இருக்கு” என்று சொல்லியே கொடுங்கள். ஒரு நாள் கண்டுபிடித்தாள் என்றால் தோசையையும் சந்தேகப்படத் தொடங்கிவிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை தரையில் செய்தித்தாளை விரித்து, முருங்கைக்கீரையை உருவ அவளைக் கூப்பிடுங்கள். காம்பைப் பிடித்து இழுத்தால் இலைகள் பொலபொலவென்று உதிர்வது குழந்தைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். விரலில் பச்சை வாசம் ஒட்டும். அன்றைக்கு அவள் ஒரு இலைகூடச் சாப்பிடாவிட்டாலும் சரி. கீரையோடு அவளுக்குப் பழக்கம் தொடங்கிவிட்டது. நீங்கள் ஒரு வில்லை வெண்டைக்காயை வாயில் போட்டு யோசித்து மார்க் போடுவதையும் அவள் பார்க்கட்டும். அவளும் மார்க் போட விரும்பினால் ஒரு பென்சில் கொடுங்கள்.

எப்போது உதவி தேவை?

மூன்று நான்கு மாதம் இப்படிச் செய்தும் காயை வாயருகே கொண்டுபோனாலே குமட்டல் வந்தால், எடை குறைந்தால், சாப்பாட்டுக்குப் பயந்து விசேஷங்களுக்கே போகாமல் இருந்தால், ஒரு மருத்துவ உளவியலாளரைப் பாருங்கள். உணவைத் தவிர்க்கும் இந்தக் கோளாறு 2013-இல் மனநல மருத்துவத்தின் நோய்ப் பட்டியலில் தனிப் பெயரோடு சேர்க்கப்பட்டது. அதற்குச் சிகிச்சை இருக்கிறது. மகளுக்கும் வளர்ச்சி தடைப்பட்டாலோ, சாப்பிடும் பொருட்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே போனாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

மாமியாரிடம் சண்டை வேண்டாம். “அத்தை, டாக்டர் காயைச் சமைச்சுச் சாப்பிடச் சொல்லியிருக்கார், சாறு வேண்டாமாம். நீங்க எனக்கு வெண்டைக்காய் வதக்கும்போது பக்கத்துல நின்னு பதம் பார்த்துச் சொல்லுங்க” என்று கேட்டுப் பாருங்கள். அவருடைய சர்க்கரை மாத்திரை விஷயத்தையும் அந்த நேரத்தில் பேசிவிடலாம். இரும்பு மாத்திரை தொடங்கி மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனையைத் திரும்ப எடுங்கள். அந்த ரிப்போர்ட்டோடு காலண்டரில் போட்ட மார்க்குகளையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். அதுவரை வெண்டைக்காயும் கீரைக் கூட்டும் மட்டும் போதும்.